மகுடச் சத்தத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை: உணர்ச்சி இருப்பது ஓசையிலா, ஆளிலா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற சித்திரையில் எங்கள் ஊர்ச் சுடலைமாடசுவாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தோடு போயிருந்தேன். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்குக் கணியான் கூத்து வைத்திருந்தார்கள். கூத்தின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை நிறுத்திவிட்டுச் சாமியை அழைக்கும் இடத்துக்கு வந்ததும், மகுடம் என்னும் தோற்கருவியை அடிக்கும் மகுடக்காரர் இருவரும் அடியைச் சட்டென்று மாற்றினார்கள். மந்த மகுடம் கீழே உருள, உச்ச மகுடம் அதன்மேல் வெட்டி வெட்டி விழ, எதிரே நின்ற, சாமி வந்து ஆடும் கோமரத்தாடியின் முழங்கால் நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே என் கைமயிர் குத்திட்டு நின்றுவிட்டது. எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். பதினேழு வயது, சென்னையில் பிறந்து வளர்ந்தவள். “ரொம்பச் சத்தமா இருக்குப்பா” என்பதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதே பிள்ளை திரும்பி வரும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு, காதில் ஏதோ பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெண்குரல் காதோடு பேசுவதுபோல், மூச்சுக்காற்றும் கேட்கும்படி பாடுகிறது. பின்னால் கணினியில் செய்த ஒலிகள் மெல்லப் பரவி அடங்குகின்றன. நல்ல பாட்டுத்தான். ஆனால் எனக்குள் ஓர் இழை அசையவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கேள்விகள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உணர்ச்சி அந்த மகுடத்தில் இருக்கிறது என்றால் அது அவளை ஏன் தொடவில்லை? என்னிடம் இருக்கிறது என்றால், முகாரி சோகம், நீலாம்பரி தூக்கம் என்று காலங்காலமாகச் சொல்லி வருவதற்கு என்ன பொருள்? இரண்டாவது, என் தந்தைக்கு காருகுறிச்சியார் நாயனம், எனக்கு எண்பதுகளின் கேசட், அவளுக்கு இந்த மூச்சுக்குரல் என்று ஒரே வீட்டுக்குள் மூன்று முறை ஓசை மாறியிருக்கிறது. ‘காலம் மாறிவிட்டது’ என்ற பதில் எனக்குத் தெரியும், அது வேண்டாம். ஓசையை மாற்றுவது எது, எந்த வழியாக மாற்றுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பாளை ஆசிரியை

அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் உளவியல் கற்பிப்பவள் என்ற உரிமையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இரண்டாவதற்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஓசையிலா, ஆளிலா என்று நீங்கள் இரண்டாகப் பிளந்துகொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஓசையிலும் கொஞ்சம் இருக்கிறது. திடீரென்று எழும் பெருஞ்சத்தத்துக்கு உடம்பு துணுக்குறுவதற்கு எந்தப் பழக்கமும் தேவையில்லை. அடி விரைவானால் கால் தானாகத் தாளம் போடுவதும் அப்படித்தான். மனம் நொந்தவர் பேசும்போது குரல் தாழ்கிறது, வேகம் குறைகிறது, சொல் சொல்லாக நில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நாயனமோ வயலினோ அப்படியே வழுக்கி இறங்கினால், அது வாத்தியம் என்பதை மறந்து ஓர் ஆள் அழுவதாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். இதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. மேலைநாட்டு இசையை அதுவரை கேட்டிராத கேமரூன் நாட்டு மஃபா மக்களுக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் அவர்கள் ஓரளவு சரியாகவே இனம் கண்டார்கள் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1999இல், இந்துஸ்தானி ராகங்களோடு பழக்கமில்லாத மேலைநாட்டுக் கேட்பவர்களிடம் செய்த ஆய்வில் மகிழ்ச்சியும் சோகமும் சினமும் அவர்களுக்குப் பிடிபட்டன, அமைதிதான் பிடிபடவில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. அமைதியை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆனால் ‘இது சோகப் பாட்டு’ என்று அறிவது வேறு, தொண்டை அடைப்பது வேறு. இந்த இரண்டாவதுதான் உங்கள் கேள்வி. அதற்கான விடை நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது. கோமரத்தாடியின் முழங்கால் நடுங்குவதற்கு முன்பே உங்களுக்கு மயிர் குத்திட்டது என்கிறீர்கள். அந்த ‘முன்பே’ என்ற சொல்லைத்தான் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். லெனார்ட் மேயர் என்ற அமெரிக்க இசையறிஞர், இசை எழுப்பும் உணர்ச்சிக்கு வேர் எதிர்பார்ப்புதான் என்று 1956இல் எழுதினார்: அடுத்து என்ன வரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது, அது தள்ளிப்போகும்போது தவிக்கிறது, வந்து சேரும்போது தளர்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் செய்து 2011இல் வெளியிட்ட மூளை ஆய்வு இதற்கு ஒரு முகம் கொடுத்தது. தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு மயிர்க்கூச்செறிபவர்களின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் இரண்டு தடவை சுரந்தது: உச்சக்கட்டத்தில் ஓர் இடத்தில், அதற்குச் சற்று முன்பு, ‘இதோ வரப்போகிறது’ என்னும் நொடிகளில் வேறோர் இடத்தில். நீங்கள் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து அந்த அடி மாறினால் சாமி வரும் என்று கண்டு பழகியவர். உங்கள் மகளுக்கு அடி மாறியது கேட்டது. மாறினால் என்ன வரும் என்பது தெரியாது. தெரியாததற்கு எப்படிக் காத்திருப்பது? சத்தம் மட்டும்தான் மிச்சம்.

ராகங்களைப் பற்றிக் கேட்டீர்கள். மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்குவது அதில்தான். நமக்கு அது அதிகாலையும் பாட்டு வகுப்பும். மேலை இசையில் வளர்ந்த காதுக்கு அதே சுரவரிசை மர்மமாக, பாலைவனக் கதைக்குப் பின்னணிபோல் ஒலிக்கிறது. சுரம் ஒன்றுதான், வளர்ந்த வீடு வேறு. பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் திசிமானே மக்களுக்கு, நாம் ‘ஒத்திசைவு’ என்பதும் ‘அபசுரம்’ என்பதும் ஏறக்குறைய ஒரே அளவு இனிமையாகப் பட்டன என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. நீலாம்பரிக்குத் தூக்கம் வந்ததும் பாதி இப்படித்தான் என்று நினைக்கிறேன். கோயிலில் பள்ளியறை வேளையில் நாயனக்காரர் தலைமுறை தலைமுறையாக அதையே வாசித்து, ஊரும் அதைக் கேட்டுப் பாயை விரித்திருக்கிறது. மீதிப் பாதி அந்த ராகத்தின் நிதானமான அசைவில் இருக்கிறது.

என் வீட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அவருக்குப் பின் வந்த காலத்தில் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் வேரூன்றிய பாமாலைகளில் பலவற்றின் மெட்டு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்தவை. என் ஆச்சிக்குக் கர்நாடக சங்கீதமும் தெரியாது, மேலை இசையும் தெரியாது. அடக்க ஆராதனையில் அந்த மெட்டுகளில் ஒன்றை ஆர்கன் எடுத்துக்கொடுத்ததும், இறந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வாள். அது கடல் கடந்து வந்த மெட்டு என்று ஒருமுறை சொன்னேன். “போடி, இது நம்ம பாட்டு” என்று முடித்துவிட்டாள்.

உங்கள் மகளுக்கு இப்போது பதினேழு. பத்து வயதுக்குமேல் இருபதுகள் வரை கேட்ட பாட்டுகள்தாம் பிற்காலத்தில் ஆழமாகத் திரும்பி வருகின்றன என்பது நினைவாற்றல் ஆய்வில் நன்கு நிலைபெற்ற செய்தி. அவளுடைய மகுடம் இப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பதில்: சங்கரன்கோவில் மைக்செட்

இரண்டாவது கேள்விக்கு என் தொழில் வழியாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முப்பத்தாறு ஆண்டுகளாக ஒலிபெருக்கித் தொழில் செய்கிறேன். ஒரு காலத்தில் பிரபலமாகும் ஓசை எது என்பதைப் பாடகரும் இசையமைப்பாளரும் மட்டும் முடிவு செய்வதில்லை. அது எதன் வழியாகக் காதுக்கு வந்து சேர்கிறதோ அதுவும் பாதி முடிவு செய்கிறது என்பது என் கட்சி.

ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் மேல்ஸ்தாயியில் பாடியாக வேண்டும்; ஆர்மோனியமும் அதற்கு ஏற்ற கட்டையில் நிற்க வேண்டும். நம் செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இலேயே மறைந்த நாடகப் பாடகர் கிட்டப்பா அந்தக் காலத்தின் உச்சம். அவர் இசைத்தட்டை இன்றைய பிள்ளைக்குப் போட்டால் ‘ஏன் இவ்வளவு கத்துகிறார்’ என்று கேட்கும். அவர் கத்தவில்லை, கொட்டகை முழுவதும் அவரே ஒலிபெருக்கியாக இருந்தார். இசைத்தட்டு வந்தபோது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். விடிய விடியப் பாடியவர்கள் மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் முகத்தைக் காட்டப் பழகினார்கள். இன்றும் சினிமாப் பாட்டு நாலைந்து நிமிடத்தில் முடிவதற்கு அந்தத் தட்டுத்தான் மூதாதை என்பேன்.

நாயனத்தையே பாருங்கள். பழைய திமிரி நாயனம் குட்டை, குரல் கூர்மை. தெருவில், தேரோட்டத்தில், ஆயிரம் பேர் இரைச்சலுக்கு மேல் எட்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாயனத்தைப் பிடித்துப் பிரபலமாக்கினார்; சுருதி இறங்கியது, குரலில் கனம் கூடியது. அவருடைய சீடர் நம் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் எஸ். ஜானகியின் குரலோடு திரைப்படத்தில் ஒலித்த அந்த ஆபேரி ராகச் ‘சிங்கார வேலனே’ பாட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பெண்குரலும் நாயனமும் தோளோடு தோள் நிற்கின்றன. வெறுந்தெருவில் திமிரியை வைத்துக்கொண்டு அப்படி நிற்க முடியாது; குரல் அமுங்கிப்போகும். மைக் இருந்ததால்தான் அந்த அழகு கிடைத்தது.

அடுத்தது குழாய். பூவரச மரத்தில் இரண்டு, கோயில் கோபுரத்தில் ஒன்று என்று கட்டிய கூம்பு ஒலிபெருக்கியைத்தான் சொல்கிறேன். அந்தத் தகரக் கூம்புக்கு அடிக்குரல் வராது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி, குடத்தின் கும்மென்ற ஓசை, மந்த மகுடம் எல்லாம் அதற்குள் போனால் தட்டுத் தட்டென்ற வெறும் தட்டல்தான் வெளியே வரும். நடுக்குரலும் மேல்குரலும் மட்டும் கிழித்துக்கொண்டு மூன்று மைலுக்குப் போகும். வில்லிசைக்காரர்கள் குழாய்க்குப் பிறகு குடத்தைவிட உடுக்கையையும் ஜால்ராவையும் மைக்குக்கு அருகில் வைக்கத் தொடங்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பத்தி என்னும் மட்டையால் குடத்தின் வாயில் அடித்து எழுப்பும் அந்தக் கும்மென்ற நாதத்தை, ஒலிபெருக்கி இல்லாமல் நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வானொலிக்கு வேறு கணக்கு. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. இரண்டு இரவு ஓடும் கதையை நிகழ்ச்சி நேரத்துக்குள் அடக்க வேண்டும். சத்திரபுதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் வில்லைச் சாமி முன்னிருந்து வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோனபோது அது பேச்சும் நகைச்சுவையும் கூடிய வேறொரு கலையாகவே வளர்ந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை; அது போய்ச் சேர்ந்த வீடுகள் அதிகம்.

கேசட் வந்ததும் ஒவ்வொரு அரைமணிக்கும் கதை ஓர் இடத்தில் நின்றாக வேண்டியதாயிற்று, பக்கம் திருப்ப வேண்டுமே. 1976இல் இளையராஜாவும் 1992இல் ரகுமானும் வந்தபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிலில் நாங்கள் கண்டது என்னவென்றால், ரகுமான் பாட்டைக் குழாயில் போட்டால் பாதிப் பாட்டு காணாமல் போனது. கீழே போட்டிருந்த அந்தக் கனத்த ஓசைக்காகவே ‘பெட்டி வேண்டும்’ என்று கல்யாண வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் கடன் வாங்கி நான்கு பெட்டி ஸ்பீக்கர் செய்தேன். அதுவரை தொண்டையில் இருந்த சினிமாப் பாட்டு அப்போதுதான் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது என்று நான் சொல்வதுண்டு. பந்தலில் நிற்பவர் சட்டை அதிரும்.

உங்கள் மகளின் மூச்சுக்குரலுக்கு வருகிறேன். மின்சார மைக்கில் இசைத்தட்டு பதியும் முறை 1925இல் வந்தபோதே, கிசுகிசுப்பாகப் பாடினாலும் விற்கும் என்று அமெரிக்கப் பாடகர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் நம் ஊரில் பாட்டு என்பது பொதுவில் கேட்பது. டீக்கடையில், பந்தலில், பேருந்தில். அங்கே கிசுகிசுத்தால் யாருக்குக் கேட்கும்? ஆளுக்கொரு இயர்போன் வந்த பிறகுதான் ஒருவர் காதுக்கு மட்டும் பாடும் குரல் பிழைக்க முடிந்தது. கிட்டப்பா ஆயிரம் பேருக்குப் பாடினார். அந்தப் பெண் உங்கள் மகள் ஒருத்திக்குப் பாடுகிறாள்.

பதில்: ஆழ்வார்குறிச்சி மருமகள்

மைக்செட் அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கருவியின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது என் வருத்தம். ஓசை மாறுவதற்கு, அதை எழுப்புகிறவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் காரணம்.

என் மாமியார் ஒப்பாரி சொல்லுவார்கள். ஊரில் எந்த இழவு வீட்டிலும் அவர்கள் தலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால், அதுவரை இறுகிப்போய் இருந்த மகன்மாரும் உடைந்துவிடுவார்கள். மெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். நான்கைந்து சுரத்துக்குள் ஏறி, ஒவ்வொரு அடியின் முடிவிலும் இழுத்து இறங்கி, மூச்சு முட்டி நிற்கும். ஆனால் சொல் ஒவ்வொரு சாவுக்கும் புதிது. செத்தவர் பெயர் வரும், அவர் வெட்டிய கிணறு வரும், மருமகளோடு போட்ட சண்டைகூட வரும். இப்போது எங்கள் தெருவில் குளிர்பெட்டியின் இரைச்சலுக்கு மேல் பென்டிரைவில் பதிந்த ஒப்பாரியைப் போடுகிறார்கள். நல்ல குரல், நல்ல பதிவு, பின்னணிக்குக் கீபோர்டு. கேட்டுக்கொண்டே எல்லோரும் டீ குடிக்கிறார்கள். யாரை நினைத்து அழுகிறது என்று தெரியாத ஒப்பாரிக்கு யார் அழுவார்கள்? ஆசிரியை அம்மா எழுதிய எதிர்பார்ப்புக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்: அடுத்து எந்தச் சொல் வரப்போகிறது, என் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்ற பதைப்புத்தான் அந்த வீட்டில் அழுகையைக் கொண்டுவந்தது.

மாமியாருக்குப் பிறகு அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை. எனக்கே கூச்சமாக இருக்கிறது. படித்தவள் ஊர்முன் தலைவிரிப்பதா என்ற எண்ணம். அது யார் போட்ட எண்ணம் என்று தெரியவில்லை. சாவுக்கு அடித்த மேளமும் இப்படித்தான் நின்றது. அடித்தவர்களின் பிள்ளைகள், இது எங்களுக்குத் தொழில் இல்லை, எங்கள்மேல் சுமத்திய இழிவு என்று சொல்லிக் கீழே வைத்தார்கள். அவர்கள் செய்தது சரி. அந்த ஓசை இல்லாதது எனக்கு வெறிச்சென்று இருக்கலாம். அதற்காக அவர்கள் அடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்குக் கிடையாது. அதே பறையை இன்று நகரத்து மேடைகளில் இளைஞர்கள் நெஞ்சை நிமிர்த்தி அடிக்கும்போது, மரத்தையும் தோலையும் தவிர மற்ற எல்லாம் மாறியிருப்பதை உணர்கிறேன். சாவின் ஓசை அங்கே வீரத்தின் ஓசையாகிவிட்டது.

நாயனத்தின் கதையும் தூரமில்லை. முகூர்த்த நேரத்தில் ‘கெட்டிமேளம்’ என்று விரலை ஆட்டிக் கூப்பிடுவோம். பந்தியில் கடைசியாக உட்காரச் சொல்வோம். பிறகு நாயனக்காரர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று அங்கலாய்ப்போம்.

ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு என்று பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் பாடியதைப் பள்ளியில் படித்தோம். ஓசையைக் கேட்டே எந்த வீட்டில் என்ன என்று தெரு தெரிந்துகொண்ட காலம் அது. எங்கள் தெருவில் சென்ற மாதம் செண்டை மேளம் கேட்டு யார் வீட்டில் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தேன். கடைத் திறப்பு விழா.

பதில்: அம்பை மாணவன்

செண்டை என்றதும் நான் பேசியாக வேண்டும். எங்கள் ஊர்க் கொடைக்குச் செண்டை அடிக்கும் சிங்காரி மேளத்தை அமர்த்த வேண்டும் என்று கொடை வரிக் கூட்டத்தில் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். பெரியவர்கள் நையாண்டி மேளம்தான் வேண்டும் என்றார்கள். எங்களுக்கும் அது பிடிக்காமல் இல்லை. ஆனால் பம்பையும் தவிலும் அடிக்க, நாயனம் பழைய சினிமாப் பாட்டை வாசிக்க, ஓரமாக நின்று கேட்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். சிங்காரி மேளத்தில் முப்பது பேர் ஒரே அடி அடித்து வரும்போது நாங்கள் அதற்குள்ளேயே ஆடிக்கொண்டு போகிறோம். ராகம் இல்லை, கதை இல்லை, உண்மைதான். ஆனால் ஆசிரியை அம்மா சொன்ன எதிர்பார்ப்பு அதிலும் இருக்கிறது. வேகம் ஒவ்வொரு படியாக ஏறும், எப்போது வெடிக்கும் என்று உடம்பே காத்துக்கொண்டிருக்கும். இன்னும் முப்பது ஆண்டு கழித்து நானும் இங்கே வந்து, ‘செண்டை அடித்தால் மயிர்க்கூச்செறிகிறது, மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று கேட்கப்போகிறேன் என்றே நினைக்கிறேன்.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை எண்களாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் 1960 முதல் 2010 வரை வெற்றிபெற்ற ஏறத்தாழ 17,000 பாடல்களைக் கணினியால் அலசி 2015இல் வெளியிட்ட ஆய்வு, மாற்றம் சீராக ஓடவில்லை, 1964, 1983, 1991 என மூன்று முறை பாய்ந்தது என்றது. 1983ஐ ஒட்டிய பாய்ச்சலில் சின்தசைசரும் தாளப்பெட்டியும் இருந்தன என்பதால் மைக்செட் அண்ணாச்சிக்கு ஒரு வாக்கு. 1991இன் பாய்ச்சல் ராப் பாடலின் எழுச்சி, அதன் பின்னால் ஒதுக்கப்பட்ட மக்களின் குரல் இருந்தது என்பதால் ஆழ்வார்குறிச்சி அக்காவுக்கு ஒரு வாக்கு. அங்கேயே 1986க்கும் 2015க்கும் இடையில் முதல் பத்து இடத்துக்கு வந்த பாடல்களில், குரல் தொடங்கும் முன் வரும் முன்னிசை சராசரியாக 20 நொடிக்கு மேலிருந்து 5 நொடியாகச் சுருங்கியதாகவும் ஒருவர் அளந்திருக்கிறார். விரலால் தள்ளிவிட்டுப் போகிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டுமல்லவா? அந்த விரல் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

பதில்: கல்லிடைக்குறிச்சிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா அந்த ‘முன்பே’ என்ற சொல்லைப் பிடித்துக் காட்டியது இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. எழுதும்போது அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆழ்வார்குறிச்சித் தங்கை பந்தியைப் பற்றிச் சொன்னது என் கல்யாணத்திலும் நடந்ததுதான். அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பதில்களை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, அன்றிரவு கைபேசியில் பிடித்து வைத்திருந்த ஒரு காட்சியை எடுத்துக் காட்டினாள். அவள் அதைப் பிடித்ததே எனக்குத் தெரியாது. கூத்து தொடங்கு முன் மகுடக்காரர் கோயில் பின்புறம் காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, மகுடத்தை அனலுக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார். இரவுப் பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்த தோல் சூட்டில் இறுகுகிறது. விரலால் தட்டுகிறார், தொம்மென்று மண்ணில் விழுந்ததுபோல் இருக்கிறது. மறுபடி அனலில் காட்டுகிறார், காதருகே வைத்துத் தட்டுகிறார். நான்காவது முறை டங்கென்று எழுகிறது. “இது நல்லா இருந்துச்சுப்பா. சவுண்டு மேல ஏறிட்டே போச்சு, எங்க நிறுத்துவாருன்னு பாத்துட்டே இருந்தேன்” என்றாள். ஆக, அவளும் அன்றைக்கு ஓர் ஓசைக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் காத்திருந்த ஓசை வேறு, அவ்வளவுதான்.

சாமி அழைப்பையும் கொஞ்சம் பதிந்திருக்கிறாள். கைபேசியில் அப்படியே போட்டால் உச்ச மகுடம் மட்டும் தகரத்தில் கல் விழுந்தாற்போல் கேட்கிறது. மந்தம் அறவே இல்லை. இயர்போனில் கேட்டால் அடியில் ஏதோ உருள்வது தெரிகிறது, ஆனால் அதுவும் உடைந்து உடைந்து வருகிறது. அடுத்த கொடைக்குச் சரியாகப் பதிந்து தரச் சொல்கிறாள். மைக்செட் அண்ணாச்சி, இதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: சங்கரன்கோவில் மைக்செட்

கைபேசியின் சிறிய ஸ்பீக்கருக்கு அடிக்குரல் வராது, குழாயின் கதையேதான். உடைந்து வருவதற்குக் காரணம், கிட்டே நின்று பிடித்ததால் சத்தம் மைக்கின் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. தனியாக ஒரு சிறிய பதிவுக்கருவி வாங்கிக்கொள்ளுங்கள். பதியும் அளவைக் கருவியே தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சம் வெட்டும் ஒவ்வொரு முறையும் மந்தத்தை அது அமுக்கிவிடும். மகுடத்திலிருந்து பத்தடி தள்ளி, இடுப்பு உயரத்தில், மந்தம் அடிப்பவர் பக்கமாக வையுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதை மதிக்கும் ஊராக இருந்தால் உங்களுக்கு நல்லதாயிற்று, சாமக்கொடையில் வெறும் மகுடம் மட்டும் கிடைக்கும். பிள்ளையை மகுடக்காரரிடம் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஓலை கொளுத்தும்போதே பதியத் தொடங்கிவிடட்டும்.